நான்கு வெடி, மூன்று ஓட்டை

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாத ஞாயிறு. மெல்போர்னில் கிரான்பர்னைத் தாண்டி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஒரு துப்பாக்கி சுடும் மைதானம். அங்கே ஜூலைதான் குளிர்காலம்; புல்லெல்லாம் உறைபனி. மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர்.

என்னை அங்கே இழுத்துப் போனவர், டண்டினொங் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர். இருவரும் இன்ஜினீயர்கள். அவருக்கு இலக்குப் பார்த்துச் சுடுவதில் பைத்தியம். தோட்டாவைக் கடையில் வாங்க மாட்டார். தானே வெடிமருந்து நிறைத்து, குண்டு பொருத்திக்கொள்வார். கோடையில் நன்றாகச் சுட்ட மருந்தளவு குளிரில் எப்படிச் சுடுகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய சோதனை. அளவுக்கு ஐந்து தோட்டாவாகப் பிரித்து எடுத்து வந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, தொலைநோக்கி வழியாக இலக்குத் தாளில் விழும் ஓட்டைகளை எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணுவது என் பிறவிக் குணம். மாடிப்படி ஏறினாலும் எண்ணித்தான் ஏறுவேன்.

காரில் வரும்போதே பாடம் எடுத்துவிட்டார். குளிரில் மருந்து சோம்பிவிடும், துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை குறையும், குண்டு கொஞ்சம் தாழ்ந்து விழும்.

முதல் இரண்டு அளவுகளும் சுமார். மூன்றாவது அளவுக்கு மாட்டிய புதுத் தாளில் முதல் மூன்று குண்டுகளும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும்படி விழுந்தன. மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான்காவதைச் சுட்ட அதே நொடியில் பக்கத்து மேசையில் யாரோ ஒரு பெரிய துப்பாக்கியால் சுட, எங்கள் வெடிச்சத்தம் அதில் அமுங்கிப்போனது. நண்பர் ஐந்தாவது தோட்டாவைக் கையில் எடுத்தார். நான் எண்ணினேன். மூன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

"ஓட்டை மூணுதாங்க இருக்கு" என்றேன்.

"நாலாவது அதே ஓட்டைக்குள்ளாலை போயிருக்கும், ஐசே. இண்டைக்கு என்ரை கை அப்பிடி!"

"உதை எப்படி இருந்தது?"

"மெல்லிசுதான். குளிருக்கு மருந்து படுத்திட்டுது. காலமை துவங்கி அதைத்தானே சொல்லுறன்?"

எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. என்னைச் சந்தேகப்பட வைத்ததே அதுதான்.

"சுடாதீங்க. உதை குறைஞ்சா குண்டு தாழ விழும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி அதே ஓட்டைக்குள்ள போகும்?"

"விசர்க் கதை கதையாதையும். குழல் ஆறினால் முழுச் சோதனையும் பாழ். தள்ளி இரும்!"

ஐந்தாவதை உள்ளே தள்ளினார். நான்காவது குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே நின்றிருந்தால், அடுத்த வெடியில் துப்பாக்கி அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிளக்கும்.

அடுத்தவர் துப்பாக்கியில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் ஆபத்தென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் கத்தலாம். கத்தினால் அத்தனை பேரும் சுடுவதை நிறுத்தியாக வேண்டும். எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பழம்தின்று கொட்டை போட்ட சுடுநர்கள். எழுந்து நின்று, தொண்டை கிழிய "சீஸ் ஃபயர்!" என்று கத்தினேன்.

மைதானம் அடங்கியது. அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின.

"மானத்தை வாங்கிப்போட்டீர்" என்று நண்பர் பல்லைக் கடித்தார்.

மேற்பார்வையாளர் வந்து நான் சொன்னதைக் கேட்டார். தோட்டாவை வெளியே எடுக்க வைத்து, குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமாகக் குழலுக்குள் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. முன்வாய் வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டத் தட்ட, நான்காவது குண்டு பின்னால் வந்து மேசையில் விழுந்தது. மருந்து நிறைக்கும் குழாய் அடைத்துக்கொண்டு, அந்த ஒரு தோட்டாவுக்கு மட்டும் சிட்டிகையளவே விழுந்திருக்கிறது.

நண்பர் பிளாஸ்கைத் திறந்து முதல் கோப்பைத் தேநீரை எனக்கு நீட்டினார்.

"ஐசே, வீட்டிலை சொல்லிப்போடாதையும். மனுசி துவக்கை வித்துப்போடுவா."

சொல்லவில்லை. துவக்கும், அதாவது துப்பாக்கியும், தப்பியது. அவர் இப்போது மெல்போர்னிலேயே ரோவிலில் இருக்கிறார். கதவைப் பூட்டினீர்களா, அடுப்பை அணைத்தீர்களா என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம் என்னை இரண்டு கண்ணாலும் முறைக்கிறார். அந்த இரண்டு கண்ணையும் பார்க்கும்போது, யார் கோபித்துக்கொண்டாலும் சந்தேகத்தை உரக்கச் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வருவதில்லை.