பினாங்கில் திறந்த காது

மகள் பிறந்த சில மாதங்களில் என் காது மந்தமாகத் தொடங்கியது. அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. முதலில் தெருவில் போகிற சைக்கிள் மணி போயிற்று. பிறகு கோழிகள். கடைசியில் என் கணவரின் குரல். அவர் காரைக்குடியில் ஒரு பஸ் கம்பெனியில் குமாஸ்தா, வாய்க்குள்ளேயே பேசுகிற மனிதர். என்னோடு பேசிப் பேசி இரண்டே வருஷத்தில் தொண்டை திறந்துவிட்டது. "குழம்புல உப்புக் கூட" என்று அவர் சொன்னால், எதிர்வீட்டுக்காரி போய்த் தன் குழம்பை ருசி பார்ப்பாள்.

காரைக்குடி டாக்டர் நேர்மையானவர். கொஞ்ச காலம் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, காதுக்குள் ஒரு குட்டி எலும்பு இறுகிவிட்டது, அறுவை சிகிச்சைதான் வழி, தனக்கு அது தெரியாது என்று தாளில் எழுதிக் காட்டினார். மதராஸுக்கு எழுதிப் போட்டோம். முறை வர ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்று பதில் வந்தது.

அந்தச் சமயம்தான் என் அண்ணன் விடுப்பில் வந்தார். பினாங்கில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தச்சு மேஸ்திரி. டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டு என் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"கதவுக் கீல் துருப்பிடிச்சிருக்கு, அம்புட்டுத்தான். அங்குட்டு ஒரு சீன டாக்டர் இதையே வேலையாச் செய்யிறாக. எங்க வைத்தியச் செலவெல்லாம் இன்சூரன்ஸ் பாத்துக்கிரும். கிளம்பு."

மகளைத் தேவகோட்டையில் என் கணவரின் அக்காவிடம் விட்டுவிட்டு, அண்ணனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

பினாங்கு போன மறுநாளே அண்ணன் இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய், முகம் சிவந்து திரும்பி, என் காதருகே கத்தினார்.

"பொண்டாட்டி பிள்ளைதான் குடும்பமாம். கூடப் பொறந்தவ சேராதாம்."

"எனக்குத் தனியாப் போட முடியாதாண்ணே?"

"கேட்டேன். நல்லாக் கேக்குற காதுக்குத்தான் போடுவாகளாம். கேக்காமப் போன காதுக்குக் கிடையாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல காதை வைத்துக்கொண்டு நான் எதற்குக் கப்பலேறப் போகிறேன்? அண்ணனும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு நேரே டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் வீட்டில் புத்தகங்கள் தரையில் குவிந்து கிடந்தனவாம். சுவர் நீளத்துக்கு ஒரு தேக்கு அலமாரி செய்து தந்தால் தன் கூலி வேண்டாம் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் எங்களுடையது.

காதை மரத்துப்போகச் செய்தார்கள், என்னைத் தூங்க வைக்கவில்லை. பக்கத்தில் ஒரு தமிழ் நர்ஸ் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ குடைவது தெரிந்தது. அவ்வளவுதான். திடீரென்று ஒரு கத்தரிக்கோல் தட்டில் விழுந்தது.

விழுந்தது எனக்குக் கேட்டது.

"என்ன கீழ விழுந்துச்சு?" என்றேன். நர்ஸ் டாக்டரிடம் சொல்ல, அவர் என்னவோ கிசுகிசுத்தார். அதுவும் கேட்டது, சீன மொழியா இங்கிலீஷா தெரியாது, ஆனால் கேட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"தலையை ஆட்டாதீங்க அக்கா, உள்ள ஊசி இருக்கு" என்று நர்ஸ் கெஞ்சினாள். அவள் குரலும் நடுங்கியது. அவளும்தான் சிரித்தாள்.

அடுத்த மூன்று நாள் கட்டிலோடு சேர்ந்து அறையே சுற்றியது. தலைசுற்றல் வருமென்று முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலே சுற்றுவதாகத் தெரிகிற மின்விசிறி நிஜமாகவே ஓடுகிறதா நிற்கிறதா என்று நர்ஸிடம் பந்தயம் கட்டினேன். எல்லாமே தோற்றேன்.

ஊர் திரும்பியதும் நானும் கணவரும் தேவகோட்டைக்குப் போனோம். மகளுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. அவள் பேசுவதை உதட்டில்தான் பார்த்திருந்தேனே தவிரக் கேட்டதில்லை. என்னைக் கண்டதும் ஓடிவந்து, வேப்பமரத்தைக் காட்டினாள்.

"அம்மா, தாத்தா பறத்துது பாரு."

மரத்துக்கு மேலே ஒரு காக்கை பறந்துகொண்டிருந்தது.

"இவ காக்காயத் தாத்தாங்கிறாளா?" என்று கணவரைக் கேட்டேன்.

"அவளுக்குக் 'க' வராது. கஞ்சிய தஞ்சிம்பா. உனக்குத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? சிரித்துச் சிரித்து முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவு சொல்லு, கத்தரிக்காய் சொல்லு என்று விடாமல் கேட்டேன். குழந்தை சலிக்காமல் 'ததவு', 'தத்தரித்தாய்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நான் சத்தமாகப் பேசுகிறேன் என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலை காரைக்குடி பஸ்ஸில் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தேன். கண்டக்டர் என் தலைக்கு மேலேயே விசில் ஊதினார். உச்சந்தலை வரை இனித்தது. கொஞ்ச தூரம் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணே, அத இன்னொரு தடவ ஊதுவீகளா?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கம்பெனி பஸ் அது. கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனாலும் ஊதினார். டிரைவர் உடனே வண்டியை நிறுத்திவிட்டார்.

"யாரு இறங்குறது?"

வயல்வெளி. யாரும் எழுந்திருக்கவில்லை. பஸ் முழுக்க ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.