முனீஸ்வரி மேல் வந்த ஆத்தா

உத்தமபாளையம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டும்போது முனீஸ்வரியின் கை வெடவெடவென்று நடுங்கி, கத்தரி விரலில் பாய்ந்தது. ரத்தத்தைப் பார்த்து அவள் விழித்த விழியில் பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி மிரண்டுபோய், "ஆத்தா வந்திருக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனீஸ்வரியின் புருஷன் கர்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

அவள் இருந்த கோலமும் அவனுக்குத் தோதாகத்தான் இருந்தது. மார்கழிப் பனியில் ஊரே போர்த்திக்கொண்டு கிடக்க, இவளுக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. இரண்டு ஆள் சோற்றைத் தின்றும் உடம்பு வற்றியது. தூக்கம் இல்லை. கண்கள் பிதுங்கி நின்றன, கழுத்தின் முன்பக்கம் வீங்கியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்வது சேலைக்கு மேலேயே தெரிந்தது. அத்தனையும் சாமிதான் என்று அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, பக்கத்தில் உண்டியலும் வைத்தான் அந்த வேலைக்கு வணங்காத பயல். பூசாரி வேஷம் அவனுக்கு நன்றாகவே பொருந்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை குறி கேட்க வந்தவர்கள் முன்னாலேயே அவள் மயங்கிச் சரிந்தாள். தங்கை சினேகாதான் ஆட்டோவில் போட்டுத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் அனுசுயா கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் சோதித்தார்.

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. ஒடம்பக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம்மாறி அதத் தூண்டிவிட்டிருக்கு. அது அளவுக்கு மீறிச் சுரக்குது, அதான் இவ்வளவு பாடு. மாத்திரையில அடங்கும், ஆனா ஒன்றரை வருஷம் போல விடாம சாப்பிடணும். அடங்கலன்னா அயோடின் மருந்தோ ஆபரேஷனோ இருக்கு. நீங்களா நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. இந்த மாத்திரை சில பேருக்கு ஒத்துக்காது, காய்ச்சலோட தொண்ட வலிச்சா அன்னைக்கே வந்துருங்க."

சில வாரங்களில் கை நடுக்கம் நின்றது. தூக்கம் வந்தது, உடம்பில் சதை பிடித்தது. வேப்பமரத்தடியில் கூட்டம் குறைந்தது. ஒரு நாள் மாத்திரையைக் காணவில்லை. கர்ணனைக் கேட்டாள்.

"நான்தான் வாய்க்கால்ல வீசுனேன். சித்திரைத் திருவிழா முடியட்டும். ஆத்தாள வெரட்டிப்புட்டு எங்கன போயிப் பொழைக்கிறது?"

"செத்துப் போயிருவேன் மாமா."

"செத்தா செல வச்சுக் கும்பிடுறேன்" என்று கர்ணன் சிரித்தான்.

அவள் அழவில்லை. அந்தச் சிரிப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். சினேகாவிடம் மாத்திரை வாங்கிவரச் சொல்லி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, வேளை தவறாமல் விழுங்கினாள். திருவிழா வரட்டும் என்று காத்திருந்தாள். கறுவிக்கொண்டே காத்திருந்தாள்.

முனீஸ்வரி புருஷன் பேரை ஒருநாளும் வாயால் சொன்னவள் இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வாள். அப்படிப்பட்டவள், திருவிழா அன்று உறுமி முழங்க, ஊர் முழுக்கக் கும்பிட்டு நிற்க, தலையை விரித்துப் போட்டு ஆடி, ஒரு சத்தம் கொடுத்தாள்.

"ஏலே கர்ணா!"

உறுமி நின்றது.

"எம்புள்ள முனீஸ்வரி மருந்த வாய்க்கால்ல எறிஞ்சது நீதானடா?"

கர்ணன் கும்பிட்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தான். சாமி இல்லை என்று சொன்னால் இத்தனை நாள் வாங்கிய காணிக்கைக்கு ஊர் தோலை உரித்துவிடும். "ஆமா ஆத்தா" என்றான்.

"நான் மலையேறப் போறேன், இனி இவ மேல வரமாட்டேன். உண்டியல இவ கையில குடு. ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிக்கிட்டுப் போயி வரிசையில நில்லு. இப்பம் மரத்தச் சுத்தி உருளுடா!"

சித்திரை வெயிலில், சுடுமண்ணில் அவன் உருண்டான். வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கண் பிதுங்கியது. "போதும் ஆத்தா" என்று முத்துலட்சுமி கெஞ்சினாள். முனீஸ்வரிக்குப் போதவில்லை. அவன் வாயில் மண் அப்பும்வரை உருளவிட்டாள். அவள் நெஞ்சுக்குள் அன்று அப்படி ஒரு குளிர்ச்சி. அம்மன் பேரில் பொய்யாக ஆடியதற்கு அம்மனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, அம்மனுக்கும் அவன்மேல் கோபம் இருந்திருக்கும்.

இப்போது கர்ணன் தோட்டத்தில் குலை வெட்டுகிறான். போன வாரம் அவளுக்கு ரத்தம் சோதிக்கப் போகவேண்டிய நாளன்று, "அடுத்த வாரம் போவமே" என்று பாயில் புரண்டு படுத்தான். முனீஸ்வரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை விரிக்கவில்லை, சத்தத்தையும் கூட்டவில்லை.

"ஏலே கர்ணா."

கூப்பிட்டது சாமியா பொண்டாட்டியா என்று கேட்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. எழுந்து வண்டிச் சாவியைத் தேடினான்.