ஏரிப்பக்கம் சிவப்பு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு விஷயத்தைத் தொடங்கினால் இன்னொன்றில் போய் நிற்பேன், மறதியும் சேர்ந்துகொண்டது. நடந்த வருஷம்கூடச் சரியாகத் தெரியவில்லை. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்னால் என்பதால் ஐம்பதுகளின் கடைசியாக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் கொடைக்கானல் ஏரிக்கு மேலே சரிவில், புல் வேய்ந்த குடிசையில் இருந்தோம். மழை நின்ற பிறகும் கூரை சொட்டும். மகளுக்கு இளைப்பு. மூடுபனி இறங்கிவிட்டால் அவள் நெஞ்சு விசில் மாதிரி ஊதும். என் வீட்டுக்காரர் படகு வலிக்கிறவர். சீசனில் மட்டும் வேலை. மற்ற மாதங்களில் விறகு, உருளைக்கிழங்கு, எது கிடைக்கிறதோ அது.

படகுக் கொட்டகைக்குப் பின்னால் கல்லுக்கட்டு அறை ஒன்று இருந்தது. ஓட்டுக்கூரை. உள்ளே கணப்பு அடுப்பு. அது வருஷம் முழுக்கப் படகுகளைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு உள்ள அறை. இருந்தவர் கிழவராகிச் சமவெளிக்கு இறங்கிப் போய்விட்டார். அறை பூட்டிக் கிடந்தது. தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் அதன் புகைபோக்கியைப் பார்ப்பேன். அதில் புகை வந்தால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கொட்டகைக்கு மேஸ்திரி என் கூடப்பிறந்த அண்ணன்தான். அவருக்கு மேலே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. துரைக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு உண்டு. முன்னால் ஏதோ துறைமுகத்தில் இருந்தவராம். கடலில் கப்பலுக்கு வைக்கிறது போலத் தன் படகின் பாய்மர உச்சியிலும் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை என்று விளக்கு வைத்திருந்தார். எங்கள் ஏரியில் எதிரே வருவது மிஞ்சிப்போனால் ஒரு வாத்து. மற்ற படகுக்காரர்கள், "ஏலே, தொர படகு கொழும்புக்குப் பொறப்பட்டாச்சா?" என்று என் வீட்டுக்காரரைச் சீண்டுவார்கள்.

அந்த விளக்குகள் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தன. ஒயரில் சுற்றியிருந்த நூல் மக்கிவிட்டது. மே மாதம் படகுகளை அலங்கரித்து ஏரியில் ஊர்வலம் விடுவார்கள். அதற்குள் புது விளக்கு மாட்டி ஒயர் இழுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டில் லாரிப் பட்டறையில் இருந்தபோது பேட்டரி, லைட்டு வேலை பழகியிருந்தார். துரை அவரைக் கூப்பிட்டு, "இதை நல்லாச் செய். சீசன் முடிஞ்சதும் அந்த ரூம் உனக்கு" என்று சொல்லிவிட்டார்.

பாய்மரத்தை இறக்கி, கரையோரமாக இரண்டு மரத்தாங்கி மேல் கிடத்தினார்கள். முன்பக்கம் வானத்தைப் பார்த்து, மல்லாக்கப் படுத்த ஆள் மாதிரி. பழைய விளக்கைக் கழற்றி எடுத்தாகிவிட்டது. சாயங்காலம் துரை வந்து கைத்தடியால் காட்டினார்.

"ஏரிப்பக்கம் சிவப்பு. ரோட்டுப்பக்கம் பச்சை. மறக்காதே."

என் வீட்டுக்காரர் மறக்கவில்லை. கஞ்சி குடிக்கும்போதும் அதையே முணுமுணுத்தார். ஏரிப்பக்கம் சிவப்பு, ரோட்டுப்பக்கம் பச்சை. மகளும் பாட்டு மாதிரி அதைப் படித்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளனே நானும் கூடப் போனேன். ஒயர் இழுக்க இன்னொரு கை வேண்டும். போய்ப் பார்த்தால் பாய்மரம் தலைமாடு கால்மாடு மாறிக் கிடந்தது.

"என்ன மச்சான், திருப்பிப் போட்டிருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அண்ணன் கயிறு சுற்றிக்கொண்டே, "வடக்க தலை வச்சுல்ல கெடந்துச்சு மாப்ள. சாமி கும்பிட்டு ஏத்துற மரம். மனுசனே அப்படிப் படுக்க மாட்டான். அதான் பயலுகள விட்டுத் தெக்க பாத்துத் திருப்பச் சொன்னேன்" என்றார்.

அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் வீடுகளில் யாரும் வடக்கே தலை வைக்க மாட்டோம். என் வீட்டுக்காரரும், "அதுவுஞ் சரிதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

பாய்மரம் உள்ளே குழலாக இருக்கும். முறுக்கு நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டி உச்சித் துளையில் போட்டார். நாங்கள் உச்சிப்பக்கம் தூக்கிச் சரித்தால் நட்டு கடகடவென்று உருண்டு அடிக்கு வர வேண்டும். பாதியில் நின்றுகொண்டது.

"ஏ புள்ள, தட்டு."

தட்டினேன்.

"மருமகளத் தட்டுற மாமியா மாதிரி தட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓங்கி ஒரு தட்டு தட்டியதும் நட்டு என் கையில் வந்து விழுந்தது. அந்த நூலில் புது ஒயரை முடிந்து அவர் ஒரு முனையில் விட, நான் மறுமுனையில் இழுத்தேன். கரி அடுப்பில் பற்றவைக்கிற கோலைக் காய்ச்சி, ஒயர் முனைகளை ஈயம் வைத்து ஒட்டினார். மழைத் தண்ணீர் இறங்காமல் துளைகளை மக்குப் பூசி அடைத்தார். ஏரிப்பக்கம் சிவப்புக் கண்ணாடி, ரோட்டுப்பக்கம் பச்சை. பேட்டரியில் கொடுத்ததும் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. அண்ணன் வந்து பார்த்து, "வெரசா முடிச்சுட்டீகளே. கெட்டிக்காரன்தான் மாப்ள நீ" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பும் வழியில் அந்த அறையின் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, மகளை எந்த மூலையில் படுக்க வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஊர்வலத்தன்று வெளிச்சம் மங்கிக்கொண்டு வரும்போது கரை நிறைய ஜனம். துரையின் விருந்தாளிகள் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் கப்பலில் பெரிய உத்தியோகம் பார்த்தவராம். துரை பாய் விரித்து வந்தார், உச்சியில் இரண்டு விளக்கும் எரிய. அந்த ஆள் கையை நீட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. துரையின் முகம் சிவந்தது, அந்தக் கண்ணாடியைவிட.

பக்கத்தில் நின்ற பட்லர் எங்களிடம், "ஒங்க படகு பின்னாடி போகுதான்னு கேக்குறாரு. சிவப்பு எடப்பக்கம், பச்சை வலப்பக்கம் இருக்கணுமாம். இதுல மாறியிருக்காம்" என்றார்.

கரைக்கு வந்ததும் துரை கேட்டார், "யார் மாட்டியது?"

"நான்தாங்க தொர. நீங்க சொன்னபடியே ஏரிப்பக்கம் சிவப்பு வச்சேனுங்க."

பயந்து உண்மையைச் சொன்னார். துரைக்கோ, விருந்தாளிகள் முன்னால் ஒரு படகு வலிக்கிறவன் தன் மேலேயே பழி போடுகிறான் என்று பட்டது. "நான் சொன்னது தப்பா?" என்று கத்தினார். நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே என்றும் சொன்னார்.

அண்ணன் அங்கேதான் நின்றார். கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. சொன்னபடி செய்தால் எப்படித் தப்பாகும்? வீட்டுக்கு வந்து மகளை மல்லாக்கப் படுக்கவைத்தேன். இடது கை சுவரோரம் இருந்தது. நெஞ்சு ஊதியதால் அடுப்புப் பக்கம் தலை வரட்டும் என்று பாயோடு திருப்பினேன். இடது கை வாசல் பக்கம் வந்துவிட்டது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பாய்மரத்தை அண்ணன் திருப்பியபோதே ஏரிப்பக்கம் ரோட்டுப்பக்கம் ஆகிவிட்டது. துரை சொன்னது சரி. என் வீட்டுக்காரர் செய்ததும் சரி. நடுவில் திருப்பிய ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விடிந்ததும் அண்ணனிடம் போனேன். "அண்ணே, மரத்தத் திருப்புனது நீங்கன்னு தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. புள்ளைக்கு அந்த ரூமு வேணும்."

"நான் சொன்னா என் சோலி போயிரும் ஆத்தா. ஒன் வீட்டுக்காரனுக்குக் கைத்தொழில் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"அவரு ஒங்க பேச்ச நம்பித்தான அப்படியே மாட்டுனாரு?"

"வெளக்குதான, போகட்டும் விடு" என்று உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் துரை பங்களாவுக்குப் போனதற்கு வாசல் கேட்டைத் திறக்கவில்லை.

சீசன் முடிந்தது. ஒருநாள் தண்ணீருக்குப் போகும்போது புகைபோக்கியில் புகை வந்தது. அண்ணன் பெண்டாட்டியின் தம்பி பெட்டி படுக்கையோடு அந்த அறைக்கு வந்திருந்தான். துடுப்புப் பிடிக்கக்கூடத் தெரியாதவன். அண்ணன் முன்கூட்டியே நினைத்துச் செய்தாரா, நடந்ததைப் பயன்படுத்திக்கொண்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்று தெரிந்தாலும் ஆறப்போவதில்லை.

நாங்கள் பேத்துப்பாறைக்குக் கூலிக்குப் போனோம். என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒயரைத் தொடவில்லை. யாராவது லைட்டு மாட்டக் கூப்பிட்டால், "எனக்கு எடம் வலம் தெரியாதுப்பா" என்பார். கேட்டவர்கள் வேடிக்கை என்று சிரிப்பார்கள். மகள் பிழைத்தாள். ஆனால் மலை ஏறும்போது இன்றைக்கும் நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வரும்.

அண்ணன் இறந்தபோது போனேன். கூடப்பிறந்தவர், போகாமல் முடியாது. தெற்கே தலை வைத்து மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். எல்லாரும் மாரடித்து அழுதார்கள். நான் அவருடைய இடது கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மேற்கே. அன்றைக்குத் திருப்பிக் கிடந்த மரத்துக்கு அது ரோட்டுப்பக்கம். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. "கல்லு நெஞ்சுக்காரி" என்று அண்ணன் பெண்டாட்டி என் காதுபடச் சொன்னாள்.

கப்பலில் சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம் என்று அந்த பட்லர் சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் கரையில் நின்றால் ஏரி கிழக்கே என்பதும் என் நினைவுதான். கப்பல் விஷயம் தெரிந்தவர்கள், அந்த இடத்தை அறிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் எங்காவது இடம் வலம் மாற்றி எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்னொரு தரம் தப்பு வர வேண்டாம்.