வரிசையில் வைத்த பை

நடக்கச் சொன்னால் நடப்பேன். இருக்கச் சொன்னால் இருப்பேன். நிற்கச் சொன்னால்தான் எனக்கு அழுகை வரும். பெரியபிள்ளையான வருசத்தில் என் முதுகெலும்பு வலப்பக்கம் வளையத் தொடங்கியது. பார்ப்பவர்களுக்கு அது ஒரு தோள் உயர்ந்து ஒரு தோள் தாழ்ந்த உடம்பு. எனக்கு அது இடுப்புக்குப் பின்னால் நாரியில் ஓயாத உளைவு, இடக்காலில் கொள்ளிக்கட்டையால் இழுத்தது போன்ற எரிவு. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் எரிவு குதிக்கால் வரை இறங்கிவிடும். இன்றைக்கும் அப்படித்தான். இதைக்கூடச் சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்து, இடையிடையே எழும்பி நடந்துதான் எழுதுகிறேன்.

இப்படிப்பட்டவளைக் கடவுள் சண்டைக் காலத்தில் வளர விட்டாரே, அவருக்கும் பகிடி தெரியும் போலிருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் சனத்தின் முழுநேர வேலையே வரிசையில் நிற்பதுதான். மண்ணெண்ணெய்க்கு வரிசை, மாவுக்கு வரிசை, ஊர் தாண்டிப் போகப் பாஸ் எடுக்க வரிசை. ஆனால் எங்கள் சனம் லேசுப்பட்டதல்ல. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். போத்தல் நிற்கும், கலன் நிற்கும், ஒற்றைச் செருப்பு நிற்கும், ஒன்றுமில்லாதவர்களுக்கு ஒரு கல் நிற்கும். ஆட்கள் மர நிழலில் இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். வரிசை நகர்ந்தால் பின்னால் உள்ளவர் எழும்பி வந்து முன்னால் இருப்பதைக் காலால் தள்ளிவிடுவார். அந்தக் கல்லை ஒதுக்கிப்போட எந்தக் கொம்பனுக்கும் துணிவு வராது. இந்த வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் யாரோ, அவருக்கு நான் மனதுக்குள் எத்தனையோ தரம் கும்பிடு போட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு பாப்பாமோட்டைப் பக்கம். வயல்தான் சீவியம். பாலம் தாண்டித் தீவுக்குள் இருக்கும் மன்னார் ஆசுபத்திரிக்கு வெளியூரிலிருந்து ஓர் எலும்பு டொக்டர் வருகிறார், ஒரு பகல் மட்டும் இருப்பார், பின்னேரம் போய்விடுவார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இருபத்து நாலு வயது. வெட்டித் திருத்தலாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொழும்புக்கோ எங்கேயோ போய்விடலாம் என்று பைத்தியக்காரி மாதிரி நம்பிக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த முறை எப்போது வருவார், வருவாரா என்பது யாருக்கும் தெரியாது.

அறுவடை நேரமாதலால் அம்மாவால் என்னோடு வர முடியவில்லை. முதுகை நிமிர்த்திப் பிடிக்க முன்பு ஆசுபத்திரியில் தந்த தோல் கூடு ஒன்று என்னிடம் இருந்தது. அக்குளிலிருந்து இடுப்பு வரை தோல், நடுவில் இரும்புத் தகடுகள், முன்னால் பட்டிகள். டொக்டர் அதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"உடம்பிலை கட்டிக்கொண்டு போகாதை" என்றார் அம்மா. "சீலைக்குள்ளை இரும்போடை போறவளைச் சென்றியிலை ஆர் விடுவான்? பைக்குள்ளை வைச்சுக் கொண்டு போ."

சொன்னதோடு நிற்காமல், தன் பழைய சீலையால் அதை நன்றாகச் சுற்றிப் பையின் அடியில் வைத்தும் தந்தார். அம்மாவின் புத்தியில் அன்றைக்கு எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாகச் சோதனைக்குப் போய், அந்தப் பக்கத்தில் திரும்ப ஏற வேண்டும். அன்றைக்கு வரிசை நீளம். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. சில நிமிடங்களிலேயே கால் எரியத் தொடங்கியது. நான் செய்த வேலையைப் பாருங்கள். சங்கக்கடையில் செய்வதைப் போலப் பையை வரிசையில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த உடைமர நிழலில் போய்க் குந்திவிட்டேன். பின்னால் நின்ற பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் அதே வரிசைகளில் வளர்ந்தவர்கள்தானே. இரண்டு தரம் என் பையைக் காலால் தள்ளியும் விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெண்களுக்கு இன்னொரு வரிசை திறந்தார்கள். எல்லாரும் அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே ஓட, என் பை மட்டும் வெட்டையில் தனியே நின்றது.

ஒரு ஆமிக்காரன் கண்டுவிட்டான். விசில் அடித்தான். துவக்குகள் நிமிர்ந்தன. சனம் பின்னால் சரிந்தது. "மே பேக் எக்க காகெத?" என்று கத்தினான். யாருடைய பை என்று கேட்கிறான் என்பது எனக்கும் விளங்கியது. விளங்கி என்ன? நிலத்தில் குந்தியிருந்த நான் எழும்புவது என்பது ஒரு தனிப் பாடு. வலக்கையை ஊன்ற வேண்டும், முழங்காலுக்கு வர வேண்டும், காலில் மின்னல் அடித்து ஓயும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், பிறகுதான் மிச்சம். அவன் இரண்டாம் தரம் கத்தியபோது நான் முழங்காலில் நின்றேன். கூப்பிடப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. பையைச் சுடப்போகிறார்கள், இல்லாவிட்டால் என்னைச் சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மகே, மகே மாத்தயா!"

என்னுடையது ஐயா என்று சொல்லிக்கொண்டு புதிய வரிசையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கத்தில் குடியேறிய சனத்தில் ஒருவர். எங்கள் வயலுக்குக் களை பிடுங்க வருகிறவர். முகம் தெரியும், கதைத்துப் பழக்கமில்லை. அந்தச் சனத்துக்கு ஊரில் வைத்திருந்த பெயரை இங்கே எழுதி என் கையை அழுக்காக்க மாட்டேன். தீவுக்குள் தாராபுரத்தில் ஒரு கலியாண வீட்டுக்கு மிளகாய் இடிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

உள்ளே என்ன என்று கேட்டான். துணி என்று சிங்களத்தில் சொன்னார். திறக்கச் சொன்னான். அவர் மெதுவாகக் குந்தி இருந்து, மெதுவாக முடிச்சை அவிழ்த்து, அம்மாவின் சீலையைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். கடைசிச் சுற்றோடு இரும்புத் தகடு வெளியே வந்தது. துவக்குக் குழல் அவருடைய நெற்றிக்கு நேரே வந்தது. அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். 

அதற்குள் நான் எழும்பிவிட்டேன். "அது என்ரை! என்ரை முதுகுக்குப் போடுறது!" என்று கத்திக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன்.

ஒரு பைக்கு இரண்டு சொந்தக்காரிகள் என்றால் யார்தான் நம்புவான்? நம்ப வைக்க ஒரே வழிதான் இருந்தது. சீலைத் தலைப்பால் மூடி, அதற்குமேல் பின்னலை விட்டு, பெண்பார்க்க வந்தவர்களுக்கும் கோயிலுக்கும் மறைத்து வந்த முதுகை, அன்றைக்கு ஒரு பஸ் சனத்துக்கும் ஆமிக்கும் முன்னால் திருப்பிக் காட்டினேன். கூட்டை எடுத்துச் சட்டைக்கு மேலே கட்டினேன். வளைவுக்கு வளைவு பொருந்தியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சோதனைக் கொட்டிலிலிருந்து ஒரு பெண் இராணுவச் சிப்பாய் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கழுத்திலிருந்து கீழே என் முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஏதோ கேட்டாள்.

"ரொம்ப வலிக்குமான்னு கேக்குது" என்றார் அந்த அக்கா.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எங்களை விட்டார்கள். டொக்டர் புறப்பட முன்னர் போய்ச் சேர்ந்தேன். எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெட்டத் தேவையில்லை, வெட்டினாலும் இந்த நோவு போகும் என்று சொல்ல முடியாது, இனி வளைவு அவ்வளவாக அதிகரிக்காது, நோவோடு சீவிக்கப் பழக வேண்டும் என்றார். அவ்வளவுதான். இவ்வளவு பாடுபட்டு வந்தது இதைக் கேட்கவா என்று ஆத்திரமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அதற்காகப் பிற்காலத்தில் அவரை நன்றியோடுதான் நினைத்தேன்.

பின்னேரப் பஸ்ஸில் அந்த அக்கா யன்னலோரம் இருந்தார். கைகளில் மிளகாய் எரிவு போகத் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் தந்தார். சாய்ந்து இருக்க வசதியாக அந்த யன்னல் பக்கத்தையே தந்தார்.

பஸ் பாலம் தாண்டியது. பிறகு கேட்டேன். "அக்கா, உள்ளுக்கை என்ன கிடக்குதெண்டே உங்களுக்குத் தெரியாது. பிறகேன் உங்கடை எண்டு சொன்னனீங்கள்?"

அவர் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"வயக்காட்டுல வரப்புல குந்திட்டு நீ எந்திரிக்கிறத பாத்திருக்கேன்ல. நீ எந்திரிச்சு வர்ற வரைக்கும் யாராச்சும் அவன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கணுமே, புள்ள."