பட்டுச் சேலை கட்டிய பியர்க் குழாய்கள்

நாங்கள் குடியிருக்கும் வீடு முன்பு ஒரு மதுச்சாலை. ஒஸ்லோ விழுங்கிய பிறகும் தன்னைக் கிராமம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் மதுச்சாலை. அம்மருட் பகுதி அடுக்குமாடியில் ஒருவர் முழங்கையை மற்றவர் விலாவில் வைத்து வாழ்ந்த நாங்கள் நால்வரும், இடவசதியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டோம். முன்னறையில் நீண்ட மரமேசை. அதன் நடுவே மூன்று பித்தளை பியர்க் குழாய்கள். கழற்றினால் மேசை பிளந்துவிடும் என்று தச்சர் சொன்னதால் அப்படியே விட்டோம். மனைவி அந்த மேசையில்தான் புட்டுக்கு மாக் குழைப்பாள். மகன் அதில் வீட்டுப்பாடம் செய்வான். எனக்கு அதன் பின்னால் நின்றுகொண்டு, வருகிறவர்களிடம் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டுத் தேநீர் ஊற்றுவதில் தனி இன்பம்.

மகளின் கலியாணப் பேச்சு வந்ததும் இன்பம் பறந்தது. அவள் விரும்பிய பையன் ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதித் தமிழ்ப் பையன். அவனுடைய தாய், மது புழங்கும் வீட்டு வாசற்படியே மிதிக்காதவர் என்று கேள்வி. அவர் ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது.

"அப்பா, இண்டைக்கு ஒருநாள் மட்டும் பகிடி விடாமல் இருங்கோ" என்றாள் மகள் அன்று காலை. அவள் பயந்திருந்தாள். அவளுக்குப் பயம் வந்தால் எனக்கு இரண்டு மடங்கு வரும்.

கார் வாசலில் வந்து நின்றபோதுதான், தினமும் பார்த்த குழாய்கள் என் கண்ணில் பட்டன. மனைவியின் சிவப்புப் பட்டுச் சேலையை அலுமாரியிலிருந்து உருவி மூன்றையும் சுற்றிக் கட்டினேன். போதாதென்று சாமிப் படத்து மாலையையும் எடுத்துப் போட்டேன். தள்ளி நின்று பார்த்தால் எனக்கே பக்தி வந்தது.

பையனின் தாய் உள்ளே வந்தார். நேரே மேசைக்கு நடந்து கைகூப்பினார்.

"இது என்ன சாமி, அண்ணை?"

மூளை வேலைநிறுத்தம் செய்யும்போது வாய் மட்டும் ஓவர்டைம் பார்க்கும் ஆள் நான். குலதெய்வம் என்றேன். மூன்று பேரா என்றார். அண்ணன் தம்பிமார் என்றேன். எந்த ஊர்க் கோயில், எப்போது பொங்கல், என்ன படையல் என்று அவர் கேட்கக் கேட்க, நான் நின்ற நிலையில் ஒரு தலபுராணமே கட்டினேன். சமையலறை வாசலில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் அவர் கற்பூரம் கேட்டார்.

மகள் எழுந்து வந்து சேலையை ஒரே இழுவையில் உருவினாள்.

"பியர்க் குழாய், அன்ரி. இந்த வீடு முந்தி ஒரு பார். அப்பா பயத்திலை மூடிப்போட்டார்."

எல்லாம் போயிற்று என்று நான் நாற்காலியைத் தேடினேன். அவரோ குழாயை விரலால் தேய்த்து, ஒட்டிய பச்சைக் களிம்பைப் பார்த்தார்.

"இஞ்சை வந்த புதிசிலை ஆறு வருசம் நான் ஒரு பாரிலை மேசை துடைச்சனான், அண்ணை. சீலை கட்டினாப்போலை எனக்குத் தெரியாதோ? நீங்கள் எவ்வளவு தூரம் போவியள் எண்டுதான் பாத்தனான்."

பிறகு மகளின் கையைப் பிடித்தார்.

"உண்மை சொல்ல இந்த வீட்டிலை ஒராள் இருக்கு. எனக்கு அது போதும்."

மனைவியிடம் பழப்புளி வாங்கி அவரே குழாய்களைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தபடியே இரண்டு தாய்மாரும் ஆவணியில் கலியாணம் என்று முடிவு செய்தார்கள். ஈரத்துணியோடு பக்கத்தில் நின்ற என்னிடம் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. எனக்கும் வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை.