சுருங்கிய இத்தாலிக் கம்பளி

எழுபதுகளின் இறுதியில் மதுரை காளவாசலில் குடியிருந்தோம். கப்பலில் வேலை பார்த்த என் கொழுந்தன், இத்தாலியில் வாங்கிய கோடு போட்ட கம்பளி ஸ்வெட்டரை அணிந்தபடி விடுமுறைக்கு வந்தான்.

"மதுரை வெயிலுக்குக் கம்பளியாடா? வெந்துல்ல போவ!" என்று என் மாமியார் சிரித்தார்.

மறு ஆண்டு அவன் கப்பலிலேயே காய்ச்சலில் இறந்தான். உடல்கூட வரவில்லை, அவனுடைய பெட்டியில் அந்த ஸ்வெட்டர் வந்தது. மகனின் வாசனை போய்விடும் என்று அத்தை அதைத் துவைக்க விடாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

முதல் திதிக்கு முந்தைய நாள் அவர் கோயிலுக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த துணிகளையெல்லாம் சுத்தம் செய்த நான், திதி அவசரத்தில் அத்தை சொன்னதை மறந்து, வேட்டிகளோடு அதையும் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டேன். பருத்தியை மட்டுமே துவைத்துப் பழகிய கை. எடுத்து உதறியபோது அது ஒரு சிறுவனின் சட்டையாகச் சுருங்கியிருந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் அத்தை" என்று அழுதேன்.

அவர் அதை வாங்கி முகர்ந்தார். பிறகு மடியில் விரித்து, தோள்பட்டையை நெடுநேரம் தடவினார்.

"அழாத தாயி. பத்து வயசுல எம்புள்ள இம்புட்டுத்தான் இருந்தான்."

எனக்குச் சொன்ன ஆறுதலா, தமக்கே சொல்லிக்கொண்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் காலம் முடியும்வரை அந்தச் சிறிய சட்டை அவருடைய தலைமாட்டிலேயே இருந்தது. நான் அதை மறுபடி தொடவில்லை.