கதவடியில் தெரிந்த கால்கள்

என் அண்ணன் இங்கிலீஷில் பேசும்போதெல்லாம் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா மலேரியாவில் போனபின் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் மாமாவின் குவார்ட்டர்ஸ் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மாமா, அம்மாவின் தம்பி. சுங்கை பீசி விமானத் திடலில் கணக்கெழுதும் ஸ்டோர் கிராணி. அம்மாவுக்கு அங்கேயே புல் வெட்டும் வேலை வாங்கிக் கொடுத்து, அதை நாள் தவறாமல் சொல்லிக் காட்டுவார். அண்ணன் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனான். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று என்னை அம்மாவோடு திடலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விமானக் கொட்டகைக்குள் எங்களை விடமாட்டார்கள். ஆனால் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. புல்லில் குப்புறப் படுத்து அதன் வழியாகப் பார்ப்பேன். கால்கள் மட்டும்தான் தெரியும். ஒரு விமானத்துக்கு இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பி சேர்த்திருக்கும். இன்னொன்றின் கால்களில் ரப்பர் கயிறு சுற்றியிருக்கும். மற்றொன்று துரை வீட்டுப் பிள்ளை மாதிரி, சக்கரத்துக்கு மேல் தகரத்தில் பூட்ஸ் போட்டிருக்கும். எதில் எந்தத் துரை ஏறுகிறார் என்றும் பார்த்துவைத்து, பிறகு வானத்தில் வரும்போதே காலைப் பார்த்து, யாருடைய விமானம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுவேன். இது மாமா காதுக்குப் போய், அவர் வழியாகத் திடலை நடத்தும் வெள்ளைக்காரத் துரை காதுக்கும் போயிற்று.

கிறிஸ்துமஸுக்குப் பழத்தட்டும் மாலையுமாகத் துரையைப் பார்ப்பது அங்கே வழக்கம். அன்று ஒரு குடும்பம் ஒரு கோரிக்கை வைக்கலாம். இரண்டாவதாக ஒன்றைக் கேட்டால் முதலாவதும் போய்விடும்.

"தொர ஒன்னய சோதிச்சுப் பாக்கணுங்கிறாரு. எல்லாத்தையும் சரியா சொல்லிட்டீன்னா, ஒனக்கு இங்கிலீஷ் ஸ்கூல்ல எடம் கேக்கிறேன்" என்றார் மாமா. எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை.

கொட்டகைக் கதவை மூடிவைத்திருந்தார்கள். புதுப் பாவாடையோடு நான் புல்தரையில் படுத்தேன். கையில் கண்ணாடிக் கோப்பைகளோடு வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். இது டாக்டர் துரையுடையது, இது ரப்பர்த் தோட்டத்துத் துரையுடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் பூட்ஸ் போட்ட விமானம். எனக்கு என்னவோ உறுத்தியது.

"பூட்ஸ் மட்டும்தான் அதோடது, மாமா. காலு அதோடது இல்ல. ரப்பர் கயிறு சுத்தியிருக்கு, பாருங்க."

என்னை ஏமாற்றத் துரை வேண்டுமென்றே பூட்ஸை மாற்றி மாட்டச் சொல்லியிருந்தாராம். நான் சொன்னதை மாமா சொல்லக் கேட்டுத் துரை விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் ஏதோ கேட்டார். மாமா கையைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் வெகுநேரம் பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அம்மா அண்ணன் பக்கத்தில் பழத்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் வழியில், "எடம் கெடச்சிருச்சு" என்றார் மாமா. குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரியில் காலுக்குப் புதுச் சப்பாத்தும் வெள்ளைச் சட்டையும் வந்தன. எல்லாம் அண்ணன் அளவுக்கு.

"எனக்கு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான்டி. அதான் கேட்டாச்சுல்ல" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்காமல் புல்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மாமாவை மன்னித்தாலும் அம்மாவை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து, மாமாவின் கருமாதி முடிந்த அன்றுதான் அண்ணன் மிச்சத்தைச் சொன்னான். இவளுக்கு இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது என்று துரை கேட்டிருக்கிறார். மாமா அண்ணனைக் காட்டி, "இவன்தான். தங்கச்சி சும்மா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறா" என்றிருக்கிறார். மாமாவே அதை அவனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் நாளின் கடைசிக் காட்சி விளங்கியது. மாமா பேசி முடித்ததும் துரை நேரே அண்ணனிடம் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் அண்ணன் என்பதால்தான் அவனுக்கு இந்த மரியாதை என்று பூரித்துப்போய், பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைக்கூடத் தட்டிவிடாமல், நானும் சேர்ந்து கைதட்டினேன்.